ஓலை பிரிக்கிற சத்தம்

வெளியில கேக்குற சத்தத்தைக் கண்டுக்காதீங்க சார். பொரிப்பகத்துக் கொட்டகையில ஓலை பிரிக்கிறாங்க. காஞ்ச ஓலை, அப்படித்தான் சடசடன்னு விழும். தூசி உள்ள வரும், ஜன்னலைச் சாத்திடுறேன். நீங்க டீயைக் குடிங்க, ஆறிடும். சர்க்கரை கம்மியா போடச் சொல்லியிருக்கேன். நேத்து நீங்க பாதியிலயே வெச்சுட்டுப் போனதைப் பாத்தேன்.

நேத்து என் தம்பி பொண்டாட்டியை இதே நாற்காலியில உட்கார வெச்சு விசாரிச்சீங்க. அவ சொன்னது எதுவும் பொய் இல்ல. கொட்டகைக்கு ஓலை போட்டது அவதான். தினமும் தண்ணி ஊத்தினதும் அவதான். ஆனா அவளுக்குத் தெரிஞ்சதைத்தானே அவளால சொல்ல முடியும். மிச்சத்தை நான் சொல்றேன். முதல்ல இருந்தே சொல்லிடுறேன், அதுதான் நல்லது. நடுவுல இருந்து கேட்டா என்னைக் கல்நெஞ்சக்காரின்னு நினைச்சுப்பீங்க.

நான் இந்த ஆத்தங்கரைக்காரி இல்ல. ஏரிப் பக்கம் பொறந்தவ. அங்க நாரைங்க இருந்துச்சு. முன்னாடியெல்லாம் எங்க ஆளுங்க நாரை முட்டையை எடுத்துத் தின்னவங்கதான், அதுல மறைக்க ஒண்ணும் இல்ல. அப்புறம் திட்டம் வந்துச்சு. அருகி வர்ற இனத்தை ஊர்மக்களோட சேர்ந்து காப்பாத்துற திட்டம். முட்டை எடுத்தவனையே காவலுக்குப் போட்டாங்க, மாசச் சம்பளம் கொடுத்தாங்க. எனக்கும் அதுல ஒரு வேலை. என் தம்பிதான் காவல்காரங்களுக்குத் தலைவன். அவன் பண்ணின கெடுபிடியில காக்கா கூட அந்தப் பக்கம் எட்டிப் பாக்காது. எங்க அம்மா கூடச் சொல்லும், 'பெத்த பொண்ணுக்குக் காய்ச்சல்னா அசைய மாட்டான், நாரைக் குஞ்சு தும்மினா ஓடுவான்'னு.

நாரை பெருகிடுச்சு. மரமெல்லாம் கூடு. ஒருநாள் மேடை போட்டு, இந்த இனம் இனிமே ஆபத்துல இல்லைன்னு அறிவிச்சாங்க. காவல்காரங்க எல்லாருக்கும் கேடயம் கொடுத்தாங்க. என் தம்பிதான் அன்னிக்கு எல்லாரையும் விட சத்தமா கை தட்டினான். அடுத்த மாசம் திட்டத்தை மூடி, போர்டைக் கழட்டிட்டாங்க. ஆபத்துல இல்லாத பறவைக்கு யார் சார் காசு கொடுப்பாங்க, நியாயம்தானே. நாரை பொழைக்க என்னென்ன வேணும்னு திட்டத்துல விலாவாரியா எழுதியிருந்தது. காவல் காத்தவன் பொழைக்கிறதைப் பத்தி யாரும் யோசிக்கல.

தம்பி நகரத்துக்குக் கட்டட வேலைக்குப் போனான். கிளம்புறப்ப கூட சிரிச்சுக்கிட்டே, 'இத்தனை நாள் நாரைக் கூட்டுக்குக் காவல் அக்கா, இனிமே மனுஷன் கூட்டுக்குச் சாரம்'னான். அந்தச் சாரத்துல இருந்துதான் விழுந்தான். ஆம்புலன்ஸ்ல கொண்டு வந்து இறக்கினப்ப, முகத்தைப் பாக்க வேணாம்னு என்னைத் தடுத்துட்டாங்க. நான் பாத்தேன். பாக்காம இருந்திருக்கலாம். அவனுக்குக் கொடுத்த கேடயம் இன்னும் எங்க வீட்டுல இருக்கு சார். காத்துக்குக் கதவு அடிச்சுக்காம இருக்க முட்டுக் கொடுத்து வெச்சிருக்கோம்.

அழுதேன். எத்தனை நாள்னு தெரியாது. அழுது ஓஞ்சப்புறம் ஒண்ணு மட்டும் தெளிவாப் புரிஞ்சது. என் தம்பியைக் கொன்னது சாரம் இல்ல. நாரை பொழைச்சதுதான்.

ஏரியில வேலை பாத்த அனுபவம் இருக்குன்னு இந்த ஆத்துத் திட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டாங்க. ஆமைத் திட்டம். தம்பி பொண்டாட்டியையும், கைப்பிள்ளையா இருந்த அவன் மகளையும் கூட்டிக்கிட்டு வந்து சேர்ந்தேன். அவ அப்ப பேச்சையே விட்டிருந்தா. சோறு போட்டா சாப்பிடுவா, போடலைன்னா கேக்க மாட்டா. சும்மா உட்கார்ந்து சுவத்தைப் பாக்க வேணாம்னு பொரிப்பகத்துல வேலை போட்டுக் கொடுத்தேன். பொரிப்பகம்னா பெரிசா ஒண்ணும் இல்ல, நீங்களே பாத்தீங்க. வேலி போட்ட மணல்திட்டு. கரையில ஆமை முட்டை போட்டுட்டுப் போனதும், நரி தோண்டுறதுக்கு முன்னாடி எடுத்துட்டு வந்து இந்த மணல்ல புதைச்சு வெப்போம். குஞ்சு வந்ததும் ஆத்துல விடுவோம்.

வேலைக்குச் சேர்ந்ததும் எனக்கு மட்டும் பயிற்சி கொடுத்தாங்க. ஆமை முட்டையில ஆணா பொட்டையாங்கிறது முன்கூட்டியே முடிவாகுறது இல்லையாம். மணல் சூடா இருந்தா பொட்டை. குளுமையா இருந்தா ஆண். பாதி முட்டையை வெயில்ல வைக்கணும், பாதியை நிழல்ல வைக்கணும். சொல்லிக் கொடுத்த வாத்தியார், 'உங்க ஊர்ல ஆம்பளைப் பிள்ளை வேணும்னு தவம் கிடக்குறவங்களுக்கு இதைச் சொல்லிடாதீங்கம்மா, மணல்ல போய்ப் படுத்துக்கப் போறாங்க'ன்னார். எல்லாரும் சிரிச்சோம்.

முதல் வருஷம் அவர் சொன்னபடியேதான் செஞ்சேன். பாதி வெயில், பாதி நிழல். அந்த வருஷக் குஞ்சுங்களை விடுறதுக்கு முன்னாடி, அடையாளத்துக்காக ஓட்டு ஓரத்துல சின்ன அரத்தால ராவி விட்டது என் தம்பி பொண்டாட்டிதான். ஒவ்வொண்ணையும் உள்ளங்கையில வெச்சு ராவினா. கடைசிக் குஞ்சு தண்ணியில இறங்கினதும் என்னைத் திரும்பிப் பாத்து, 'அண்ணி, இதுங்க திரும்பி வருமா?'ன்னு கேட்டா. மாசக்கணக்கா வாயைத் திறக்காதவ. 'பொட்டையா இருந்தா முட்டை போட இங்கதான் வரும்டி'ன்னேன். அன்னிக்கு அவ இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டா.

அதுக்கப்புறம்தான் நிதி கொடுக்குற இடத்துல இருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். நல்ல மனுஷன். குறை சொல்ல முடியாது. செருப்பைக் கழட்டிட்டு மணல்ல நடந்தார், எல்லாரையும் விசாரிச்சார். கிளம்புறப்ப என்கிட்ட, 'பிரமாதம்மா. இப்படியே போனா இந்தக் குஞ்சுங்க வளர்ந்து வர்றப்ப, ஏரியில மாதிரி இங்கயும் ஜெயிச்சுடுவோம். அப்புறம் நாங்க மனநிறைவோட விலகிக்கலாம்'னார்.

ஏரியில போர்டைக் கழட்டினதுதான் ஞாபகம் வந்துச்சு சார். அவர் வண்டி திரும்புறப்ப கையெல்லாம் ஆட்டினேன். திரும்பிப் பாத்தா பொரிப்பகத்து வேலியோரம், திட்டத்துல புதுசா வேலைக்குச் சேர்ந்த ஊர்ப் பொம்பளைங்க நின்னுக்கிட்டு இருக்காங்க. அன்னிக்குத்தான் அவங்க கையில முதல் சம்பளம். ஒருத்தி பிள்ளைக்கு வாங்கின புதுச் செருப்பைத் தூக்கிக் காட்டிக்கிட்டு இருந்தா. என் தம்பி மகள் அவ காலுக்கடியில மணலை அள்ளி விளையாடிக்கிட்டு இருந்துச்சு. விலகிக்கலாமாம். இதுங்களை விட்டுட்டு எங்க விலகுறது.

அடுத்த வருஷம் முட்டை வந்ததும், திட்டு மொத்தத்துக்கும் கொட்டகை போடச் சொன்னேன். அவ்வளவுதான் செஞ்சேன். வேற ஒண்ணும் செய்யல.

தம்பி பொண்டாட்டி ஏன்னு கேட்டா. 'வெயில் ஏறிக்கிட்டே போகுது, முட்டை வெந்துடும், பாவம்டி'ன்னேன். பாவம்னு ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. ஓலையை ரெட்டையா போட்டா. அதுவும் பத்தாதுன்னு அவளா ஒரு வேலையைக் கண்டுபிடிச்சா. மத்தியானம் ஆனா இடுப்புல ஒரு குடம், கையில ஒரு வாளின்னு ஆத்துத் தண்ணியைத் தூக்கிட்டு வந்து மணல் மேல தெளிப்பா. நான் சொல்லல சார் அதை. வேணாம்னும் சொல்லல. அவ தெளிக்கிறதைப் பாத்தா யாருக்கும் மனசு நெறைஞ்சு போகும். தொட்டில் பிள்ளைக்கு விசிறி விடுற மாதிரிதான் இருக்கும்.

நான் ஒரு முட்டையைக் கூட உடைக்கல, இதைக் குறிச்சுக்குங்க. ஒரு குஞ்சைக் கூடச் சாகடிக்கல. சொல்லப்போனா மத்த இடத்தைவிட இங்க அதிகமாவே பொரிச்சது. வருஷா வருஷம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வருவாங்க. ஆளுக்கு ஒரு குஞ்சைக் கையில கொடுப்போம், ஆத்துல விடுவாங்க. கை தட்டுவாங்க, போட்டோ எடுப்பாங்க. நானும் கை தட்டுவேன். மனசாரத்தான் தட்டுவேன். அத்தனையும் ஆண்னு எனக்கு மட்டும் தெரியும். ஆணா இருந்தா என்ன, அதுவும் ஒரு உசுருதானே.

கிழட்டுப் பொட்டைங்க ஒண்ணொண்ணாக் குறைஞ்சுது. படகு விசிறியில அடிபட்டு ஒண்ணு, தூண்டில் முள்ளை முழுங்கி ஒண்ணு, வயசாகி ஒண்ணு. புதுசா பொட்டை வரல. கணக்கெடுக்க வர்றவங்க முட்டை போட வர்ற பொட்டையைத்தான் எண்ணுவாங்க. எண்ணிக்கை ஏறவே இல்லையேன்னு உதட்டைப் பிதுக்குவாங்க. இன்னும் ஆபத்துலதான் இருக்குன்னு சொல்லி நிதியை நீட்டிச்சுக் கொடுப்பாங்க. நான் ஒண்ணும் முட்டாள் இல்ல சார், அதை அடியோட அழிய விடணும்னு நினைக்கல. அளவாத்தான் வெச்சிருந்தேன். ரொம்பக் குறைஞ்சுட்டா ஒரு வருஷம் ஓலையைப் பிரிச்சுட்டாப் போதும், வெயில் பட்டு எல்லாம் பொட்டையாப் பொரிச்சிடும்னு யோசிச்சு வெச்சிருந்தேன். அடுத்த வருஷம் பிரிச்சுக்கலாம்னு நினைப்பேன். அடுத்த வருஷம் பாத்தா யாராவது ஒருத்தி வீட்டுக்குத் தளம் போட்டுக்கிட்டு இருப்பா, யாராவது ஒருத்தன் மகனைக் காலேஜ்ல சேர்த்திருப்பான். என் தம்பி மகள் நர்ஸ் படிப்புக்குப் போச்சு. சரி, இந்த ஒரு வருஷம் போகட்டும்னு விட்டுடுவேன்.

இப்படியே போய்க்கிட்டு இருந்தப்பதான் ஒருநாள் விடியக்காலையில தம்பி பொண்டாட்டி மூச்சு வாங்க ஓடி வந்தா. நான் பல்லு வெளக்கிக்கிட்டு இருந்தேன்.

'அண்ணி, வாங்க, வாங்க. நம்ம புள்ள வந்துட்டா.'

எந்தப் புள்ளைன்னு கேட்டேன். கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனா. மணல்ல ஒரு ஆமை பள்ளம் தோண்டிக்கிட்டு இருந்துச்சு. ஓட்டு ஓரத்துல ராவின தடம். முதல் வருஷத்துக் குஞ்சு சார். நான் ஒழுங்கா வேலை பாத்த அந்த ஒரே வருஷத்துல பொரிச்சது. தம்பி பொண்டாட்டி மணல்லயே உட்கார்ந்து முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு அழுதா. 'எவ்வளவு தூரம் போய் வந்திருப்பா மகராசி'ன்னா. அன்னியிலிருந்து அதுக்கு மகராசின்னே பேர் ஆயிடுச்சு. அவ புருஷன் போனதுக்கு அப்புறம் அப்படி அழுது நான் பாத்தது அன்னிக்குத்தான். ஆனா இது வேற அழுகை. எனக்கு அவளைப் பாக்க சந்தோஷமாவும் இருந்தது, இன்னும் எத்தனை வரப்போகுதோன்னு பயமாவும் இருந்தது. பயப்படத் தேவையே இல்லாமப் போச்சு. அந்த வருஷத்துக் குஞ்சுல திரும்பி வந்தது அது ஒண்ணுதான்.

போன வருஷம் பாத்தா, ஆத்துல மிச்சம் இருந்த பொட்டையும் அது ஒண்ணுதான்.

நீங்க படிச்சவங்க, இனி என்ன ஆகும்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். எனக்குத் தெரியல. பயிற்சியில அதைச் சொல்லல. ஆத்து நிறைய ஆண். பருவம் வந்தா ஆணுக்குத் தலை கறுத்து, கழுத்து சிவந்துடும். தண்ணி மேல எங்க பாத்தாலும் அந்தத் தலைங்கதான். தம்பி பொண்டாட்டி கரையில நின்னு பாத்துட்டு, 'என்ன அண்ணி, ஒரே ஆம்பளைக் கூட்டமா இருக்கு, கல்யாணத்துக்குப் பொண்ணே கிடைக்காதா இதுங்களுக்கு'ன்னு சிரிச்சா. 'பொட்டையெல்லாம் ஆழத்துல இருக்கும்டி'ன்னேன். அவ நம்பினா. நான் சொன்ன எதை அவ நம்பாம இருந்திருக்கா.

இந்த வருஷம் மகராசி கரைக்கு வந்தப்ப நானும் இருந்தேன். முட்டை போடுற இடத்துக்கு அது வரல. தண்ணியை விட்டு ஏறினதும் அப்படியே நின்னுடுச்சு. கழுத்துல சதை பிஞ்சு தொங்குது. முன்காலு ரெண்டும் கடிபட்டு ரத்தம். பின்னாடி தண்ணியில பாத்தா, வரிசையா கறுத்த தலைங்க காத்துக்கிட்டு இருக்கு. ஜோடி சேர வர்ற ஒவ்வொண்ணும் கழுத்தைக் கவ்வி, தண்ணிக்கு அடியில அமுக்கும் சார். ஒண்ணு விட்டா இன்னொண்ணு. மேல வந்து மூச்சு எடுக்க விடாது.

'அவ முட்டை போட வரல அண்ணி'ன்னா தம்பி பொண்டாட்டி. 'தப்பிச்சு வந்திருக்கா. தொட்டியில தண்ணி நிரப்புறேன், கொஞ்ச நாள் நம்மகிட்டயே இருக்கட்டும். கால்நடை டாக்டரை வரச் சொல்லுங்க.'

டாக்டர் வந்தா கழுத்தைப் பாப்பார். எதனாலன்னு கேப்பார். ஆத்தைப் பாப்பார், அப்புறம் கொட்டகையைப் பாப்பார். அதெல்லாம் எனக்கு அந்த நிமிஷமே கண்ணு முன்னால ஓடிடுச்சு. நிதி நீட்டிப்புக்கு ஆளுங்க வர்ற நேரம் வேற. நான் நிதானமாத்தான் சொன்னேன். 'காட்டு உசுரைத் தொட்டியில அடைக்கக் கூடாதுடி, சட்டம் இருக்கு. காயம் தானா ஆறிடும். தண்ணியில விடு.'

அவ அசையல. அதைத் தூக்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டே நின்னா. அது தலையை ஓட்டுக்குள்ள இழுத்துக்கக் கூட முடியாம அவ கையில சாஞ்சு கிடந்தது. 'அண்ணி, ஒரே ஒரு நாள்'னா. நான் மறுபடியும் சொன்னேன். அவ குனிஞ்சு தண்ணியில விட்டா. கறுத்த தலையெல்லாம் ஒண்ணா முங்குச்சு. அவ பாக்க முடியாம முகத்தைத் திருப்பிக்கிட்டா. நான் பாத்தேன். எதையும் முகம் பாக்காம அனுப்புற பழக்கம் எனக்கு இல்ல.

மறுநாள் நாணல் ஓரமா ஒதுங்கி இருந்துச்சு. கண்டெடுத்ததும் அவதான்.

டாக்டரை அவளே போய்க் கூட்டிட்டு வந்துட்டா, என்கிட்ட கேக்கல. அவர் கழுத்தைப் பாத்தார். பொரிக்கிறப்பவே செத்துப் போன குஞ்சுங்களை நாங்க புட்டியில போட்டு வெச்சிருப்போம், அதையெல்லாம் அறுத்துப் பாத்தார். எல்லாமே ஆண். மணலைத் தொட்டுப் பாத்தார், மேல ஓலையைப் பாத்தார். யார் இப்படிக் குளுமையா வெச்சிருக்கிறதுன்னு கேட்டார். 'நான்தான் சார்'னா அவ. பெருமையாச் சொன்னா. அவர் சூடு குளுமை கணக்கை எடுத்துச் சொல்லச் சொல்ல, அவ மூஞ்சியில ரத்தமே இல்லாமப் போச்சு.

அன்னிக்கு வீட்டுல சாப்பாட்டுத் தட்டு முன்னால உட்கார்ந்துக்கிட்டு என்னைக் கேட்டா. 'நான்தான் அவளைக் கொன்னுட்டேனா அண்ணி?'

'சோறு ஆறுது, சாப்பிடு'ன்னேன்.

டாக்டர் மேலிடத்துக்கு எழுதினார், விசாரணைக்கு நீங்க வந்தீங்க. நேத்து அவளை விசாரிச்சு முடிச்சுட்டு, ஊர்மக்களோட அறியாமைதான் காரணம்னு எழுதப்போறதா உங்க உதவியாளர்கிட்ட சொன்னீங்க. என் காதுல விழுந்துச்சு. அதை என்னால தாங்க முடியல சார். இந்த ஊர்ல அறியாம செஞ்சவ ஒருத்திதான் இருக்கா. அறிஞ்சு செஞ்சவ நான். கொட்டகையும் நான்தான், மகராசியைத் திருப்பி அனுப்பினதும் நான்தான். அதுங்க கழுத்தைக் கடிக்கும்னு அன்னிக்கு எனக்குத் தெரியும், கண்ணால பாத்துட்டுத்தான் விடச் சொன்னேன். அவ கையாலயே விட வெச்சேன்.

இன்னிக்குக் காலையில எல்லாத்தையும் அவகிட்டயும் சொல்லிட்டேன். உங்ககிட்ட சொல்றதுக்கு முன்னாடி அவகிட்ட சொல்றதுதானே முறை. என்னைத் திட்டுவான்னு எதிர்பாத்தேன். திட்டல. ஒண்ணு மட்டும் கேட்டா. 'தினமும் மத்தியானம் நான் தண்ணி தூக்கிட்டுப் போறப்ப, நீங்க இந்த ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?'

ஆமான்னேன்.

துரட்டியை எடுத்துக்கிட்டுப் போனா. அவதான் வெளியில ஓலை பிரிக்கிறா. இந்த வருஷம் மணலுக்குள்ள ஒரு முட்டை கூட இல்ல, எதுக்குடி வீணா கஷ்டப்படுறேன்னு கேட்டேன். வெயில் படட்டும்னு மட்டும் சொன்னா. கையெல்லாம் சிராய்ச்சு ரத்தம் வருது, மருந்து வெச்சுக்கன்னா கேக்க மாட்டேங்கிறா. நீங்க சொன்னா ஒருவேளை கேப்பா.

எல்லாத்தையும் என் பேர்லயே எழுதிக்குங்க. எங்க கையெழுத்துப் போடணுமோ போடுறேன். ஜெயிலுன்னாலும் சரி. நான் யார் குடியையும் கெடுக்கல, என் தம்பிக்கு ஆன மாதிரி இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் ஆக விடல, அது போதும் எனக்கு. ஒரே ஒரு வேண்டுகோள்தான். திட்டத்தை மட்டும் மூடிடாதீங்க. இருந்த பொட்டை செத்துப் போச்சுன்னு சொல்லி நிதியை நிறுத்தச் சொல்றாங்கன்னு கேள்விப்பட்டேன். அது முறை இல்ல சார். ஆபத்துல இருக்குற இனத்துக்குத்தானே இந்த நிதி. ஆத்துல இப்ப ஒரு பொட்டை கூட இல்ல. இதைவிட ஆபத்துல இருக்குற இனத்தை நீங்க எங்க போய்த் தேடுவீங்க.